வெறும் வயிற்றில் கூட்டிப்போன நாய்

எண்பதுகளின் நடுவில் எங்கள் நாய்க்கு ஒரு சிறுநீரகம் வீங்கிப்போனது. அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேன் ஓட்டினேன். வீடு பென்னலூரில். வயிற்றைத் தொட்டாலே அந்தப் பெட்டை நாய் முனகும். மெட்ராஸில் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா, வீங்கியதை அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் மிச்சமிருப்பது தனியாகத் தாங்குமா என்று தெரிய வேண்டும் என்றார்.

"ரத்தத்துல தெரியாதாம்மா?"

"ரத்தம் ரெண்டுக்கும் சேத்துதான் சொல்லும். எது எவ்ளோ வேலை செய்யுதுன்னு பிரிச்சுச் சொல்லாது."

பிரித்துச் சொல்ல ஒரு மெஷின் இருந்ததாம். நரம்பில் கொஞ்சம் அணுமருந்து ஏற்றினால் அது சிறுநீரகத்துக்குப் போய் உள்ளேயிருந்து கதிர் விடும். மேலே இருக்கும் கேமரா அதைப் படம் பிடிக்கும். நல்ல சிறுநீரகம் மருந்தைச் சட்டென்று இழுத்துச் சட்டென்று வெளியே தள்ளும். கெட்டது தள்ளாது. அந்த மெஷின் மனிதர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது. டாக்டரம்மா யார் யாரிடமோ கெஞ்சி, ஒரு லீவு நாளில், பின்வாசல் வழியாக, ஒரே ஒருமுறை என்று அனுமதி வாங்கினார்.

முந்தின நாள் கால்நடை ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"நாயி அசையக்கூடாதாம். மயக்க ஊசி போடுவாங்க. வெறும் வயித்துல இட்டாந்துடு."

"தண்ணி?"

"வெறும் வயிறுன்னா வெறும் வயிறுதான்யா. தமிழ்தானே பேசறேன்?"

அப்படியே செய்தோம். நல்ல வெயில் காலம். வேனில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. என் மனைவி கண் கலங்கினாள்.

"ஒரு வாய் குடேன்யா, பாவம்."

"சும்மா இரு. படம் கெட்டுப்பூடும்."

அங்கே எல்லாம் அவசரம். ஊசி போட்டு, துணியால் மூடி, படம் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துணியை விலக்கி நாயின் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தூக்கிய தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

"இதுக்குத் தண்ணி குடுக்கலையா?"

"உங்க ஆளுதான் வேணான்னான்."

"சோறு வேணாம்னேன்! தண்ணி நெறைய குடுக்கச் சொன்னேன்!"

வீங்கியது செத்துவிட்டது, அது மட்டும் திரையில் தெரிந்தது. மற்றதும் மருந்தை மெதுவாகத்தான் எடுத்தது. அது கெட்டுப்போனதா, தண்ணீர் இல்லாமல் சோர்ந்ததா, தன்னால் சொல்ல முடியாது என்றார். இதைத் தெரிந்துகொள்ளத்தானே அத்தனை தூரம் வந்தோம்!

இன்னொரு தடவை எடுங்களேன் என்று மெஷின் ஓட்டுகிறவரிடம் கேட்டேன்.

"இது இன்னா மாட்டாஸ்பத்திரியா? மனுசங்களே மாசக்கணக்கா வரிசையில கீறாங்க. மருந்தும் தீந்துச்சு, கெளம்பு."

நாயின் மூத்திரத்தில் அணுமருந்து வரும், மறுநாள் வரை யாரும் அதை மிதிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பூந்தமல்லி தாண்டி ஒரு டீக்கடையில் பக்கெட்டில் தண்ணீர் வாங்கி வைத்தேன். மயக்கம் தெளிந்த நாய் பாதி பக்கெட்டைக் காலி செய்தது. கொஞ்ச நேரம் கழித்து ரோட்டோரம் உட்கார்ந்து நிறுத்தாமல் பெய்தது.

"மத்த கிட்னி நல்லாத்தான்யா கீது அதுக்கு" என்றாள் மனைவி.

"உன் கண்ணு இன்னா மெஷினா?" என்று கத்தினேன். வேறு யார்மேல் கத்த?

மற்றதும் கெட்டிருந்தால், அறுவையைத் தாங்காமல் நாய் மேஜையிலேயே போய்விடும் என்றார் டாக்டரம்மா. நாங்களும் துணியவில்லை. வீங்கியது உள்ளேயே சீழ் பிடித்தது. மழைக்கு முன்னால் நாய் செத்தது. மற்றது நல்லதா கெட்டதா என்று கடைசி வரை தெரியவில்லை. போன் போட்டவனைத் தேடிப் போனேன். நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்றான்.

இப்போதும் எந்த ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு வா என்றாலும், தண்ணீர் உண்டா இல்லையா என்று இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். நர்ஸ்கள் எரிந்து விழுகிறார்கள். விழட்டும்.