பிரியாணியும் சாப்பாட்டுப் படியும்

நூறு நாள் வேலையில் நடந்தது எது, நடக்காதது எது என்று ஊர் முன்னால் சொல்வதுதான் என் வேலை. அடையாள அட்டையில் சமூகத் தணிக்கையாளர் என்று போட்டிருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதை முழுசாகச் சொன்னதில்லை. ‘செக்கிங் பொண்ணு’ என்றால்தான் தெரியும். சொந்த ஊரில் செக்கிங் கிடையாது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றி வேறு எந்த ஊராட்சிக்கு அனுப்புகிறார்களோ, அங்கே பள்ளிக்கூடத்தில் தங்கி, நாங்களே சமைத்துச் சாப்பிட வேண்டும். வீடு வீடாகப் போய்க் கூலி வந்ததா என்று கேட்போம். வேலை நடந்த இடத்தை டேப் வைத்து அளப்போம். கடைசி நாள் கிராம சபையில் எல்லாவற்றையும் வாசிப்போம். அந்த ஊரில் யார் கொடுத்தாலும் டீ கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. விதிகளிலேயே எனக்குக் கஷ்டமானது இதுதான். டீ இல்லாமல் எனக்குப் பொழுதே விடியாது.

இதற்கு நாள் கணக்கில் மதிப்பூதியம். ஏரி வேலைக் கூலியைவிடக் கொஞ்சம் அதிகம், சிப்காட் கான்ட்ராக்ட் கூலியைவிடக் கொஞ்சம் குறைச்சல். அந்தக் கொஞ்சம் குறைச்சல்தான் எங்கள் வீட்டில் சண்டை. என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். தெரிந்த சூப்பர்வைசரிடம் சொல்லி, ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

“ஊரையே கேள்வி கேக்குற, உன் சம்பளத்த யாரு கேக்குறது? பொங்கலுக்குள்ள ஏத்திக் குடுத்தா இரு. இல்லன்னா கம்பெனி பஸ்ல ஏறு” என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. என் அம்மா இந்தப் பக்கத்து ஊர்களில்தான் நாற்று நட்டாள். குனிந்த தலை நிமிராமல் கூலி வாங்கினாள். அதே ஊர்களில் நான் மைக் பிடித்து வாசிக்கிறேன், நாற்காலியில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். இதை விட்டுவிட்டு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போக எனக்குக் கொஞ்சமும் மனசில்லை.

என்னோடு எப்போதும் வருபவர் பழவேற்காட்டு அக்கா. ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். வாயைத் திறந்தால் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். போன கார்த்திகையில் ஓர் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே ஊராட்சிச் செயலர் ரொம்ப உபசாரமான மனுஷன். காலையில் நாஷ்டா கொடுத்தனுப்பினார், திருப்பி அனுப்பினோம். டீ வந்தது, அதுவும் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு தூக்கு நிறைய பிரியாணியோடு அவரே வந்து நின்றார். நாங்கள் அப்போதுதான் புகையில் இருமிக்கொண்டே கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தோம், சோறு வேறு குழைந்துவிட்டது. அவர் மூடியைத் திறந்ததும் எனக்கு வாயில் ஊறிவிட்டது, வெட்கமாகப் போய்விட்டது.

“மூடு நைனா, வாசன பட்டாலே லஞ்சம் வாங்குன மாரி கீது” என்றார் அக்கா.

“இன்னாம்மா, மனுசனுக்கு மனுசன் சோறு போடறது தப்பா?” என்று கேட்ட செயலரின் முகம் சிவந்துவிட்டது. தூக்கை வண்டியில் மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

கடைசி நாள் கிராம சபையில், சாலையோரம் நட்டதாகச் சொன்ன மரக்கன்றுகளில் பாதி வெறும் குச்சிதான் என்று வாசித்தேன். ஊரே சிரித்தது. “ஆடு மேஞ்சுட்டுது” என்றார் செயலர். “குச்சிய மட்டும் உட்டுட்டு வேர மேயற ஆடு எங்க கீது?” என்று கேட்டார் அக்கா. மறுபடி நட்டே ஆக வேண்டும் என்று தீர்மானம் ஆனது. இனி ஜென்மத்துக்கும் அவர் எங்கள் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

மார்கழியில் திருவள்ளூரில் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். மதிப்பூதியத்தை மாற்றி அமைக்கக் கருத்துக் கேட்பு. தணிக்கைக்காரர்கள் ஒரு பக்கம், ஊராட்சிக்காரர்கள் மறு பக்கம். மேலேயிருந்து வந்த அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். நாட்கூலியை அடிப்படையாக வைத்து அதன் மேல் கொஞ்சம் கூட்டுவார்களாம். அதற்கு மேல் கூட்ட வழியில்லையாம்.

“சாப்பாட்டுப் படி போட்டுக் குடுக்கலாமே சார்?” என்று நான் எழுந்து கேட்டேன்.

“தங்கற ஊர்ல எப்படியும் சாப்பாடு போடுவாங்கல்லம்மா, அதனால அதைச் சேர்க்கல” என்றார் அவர்.

யாரைச் செக்கிங் செய்கிறோமோ அவர்கள் சோறு போடுவார்கள் என்ற கணக்கில்தான் இத்தனை நாளும் என் சம்பளம் நின்றிருக்கிறது! நாங்கள் சாப்பிட்டதில்லை என்றேன். அதிகாரி புன்னகைத்தார். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. பொங்கல் அவ்வளவுதான், பஸ்தான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அந்தக் குச்சி நட்ட செயலர் எழுந்து நின்றார்.

“சார், இவங்களோட ஒரே பேஜாரு சார். நாஷ்டா அனுப்பினேன், டீ அனுப்பினேன், ஒண்ணையும் தொடல. பிரியாணிய நானே எடுத்துக்கினு போனேன், வாசலோட தொரத்திட்டாங்க. குழஞ்ச சோத்தத் துண்ணுட்டு வந்து, சபைல என் மானத்த வாங்கினாங்க. யாரு சோறு போடறாங்கன்னு எழுதி வச்சிக்கீறீங்க?”

அவர் புகார் சொல்லத்தான் எழுந்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். மண்டபம் சிரித்து அடங்க நேரமானது. அதிகாரி சிரிக்கவில்லை, பேனாவைத் திறந்து எழுதினார்.

வெளியே டீக்கடையில் அந்தச் செயலர் நின்றிருந்தார். அக்காவும் நானும் நன்றி சொல்லப் போனோம்.

“உங்களுக்காகச் சொல்லலம்மா. நல்லா சாப்டுட்டு வந்தா கொஞ்சம் சாந்தமா செடிய எண்ணுவீங்கன்னுதான்” என்றார்.

மூன்று பேரும் டீ குடித்தோம். அவரவர் காசை அவரவர் கொடுத்தோம்.

பொங்கலுக்கு முன்னால் உத்தரவு வந்தது. மதிப்பூதியம் அப்படியே, சாப்பாட்டுப் படி தனியாக. வீட்டுக்காரர் விரல் மடக்கிக் கூட்டினார். அப்போதும் கம்பெனியைவிடக் கொஞ்சம் குறைந்தது. “கம்பெனில கேன்டீனுக்குப் புடிச்சிக்குவான். அதக் கழிச்சா சமம்தான்” என்று அவராகவே சொன்னார். பிடித்தம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலை கம்பெனி பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றபோது, நான் வரவில்லை, நீங்கள் போகலாம் என்று கையைக் காட்டினேன்.

படி வந்த பிறகு போன முதல் ஊரில், கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து பிரியாணி வாங்கி வந்து பள்ளிக்கூட வராந்தாவில் பிரித்தோம். அந்த ஊர்ச் செயலர் அம்மா எட்டிப் பார்த்து, “யாரு வாங்கிக் குடுத்தது?” என்று சந்தேகமாகக் கேட்டார்.

“எங்க டப்பு. பில்லு கீது, பாக்கறியா?” என்றார் அக்கா.

சும்மாதான் கேட்டார். அந்த அம்மாவோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பில்லை வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, “சரியாத்தான் கீது, துண்ணுங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.