தொட்ட கோடு

குபெர்டினோவில் ஞாயிறுதோறும் சீனத் தூரிகை எழுத்து வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் பழைய மேனேஜர். என் டிசைனில் இரண்டு இடத்தைத் தொட்டுவிட்டு, தன்னுடையது என்று மீட்டிங்கில் காட்டியவர். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவர் இழுத்த கோடு நடுவில் மெலிந்துவிட்டது. "லைட்டா டச்-அப் பண்ணிடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

இழுத்த கோட்டை மறுபடி தொடக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

"தாராளமா பண்ணுங்க" என்றேன்.

பூசி முடித்ததும் கோடு என்னுடையதைவிட அழகாகவே இருந்தது. டீச்சர் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பூசிய இடம் மட்டும் திட்டுத்திட்டாகக் கறுத்துத் தெரிந்தது. மேனேஜரின் தலை குனிந்தது.

அந்த மீட்டிங் ரூமில் ஜன்னல் கிடையாது.