பிள்ளையாரை நகர்த்தச் சொன்ன அன்வர் பாய்

அன்வர் பாய் இறந்துவிட்டார் என்று தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஏற்கெனவே அஞ்சலி செலுத்திய குழு அது. அதில் ஒருவர் தன் அஞ்சலிக்குக் கீழே தானே நன்றி சொல்லியிருந்தார். அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு, வேங்கிக்காலிலிருந்து நேராக பாயின் சீட் கவர் கடைக்கே போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. புது வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் முகூர்த்த நாளில் கடையை மூடுகிறவர் அல்ல அவர். பூட்டைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அங்கேயே நின்று அழுதேன்.

அவர் கடையில் காருக்கு உறை தைத்துக்கொண்டவர்களுக்கும், தைக்கப் போய்த் திட்டு வாங்கித் திரும்பியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டாவது வகையினர்தான் ஊரில் அதிகம் என்று நினைக்கிறேன்.

நான் எவரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. பாய் என்னையும் மிஞ்சியவர். சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமே, அதன் வாயை அடைக்க ஒரு சின்னக் கொக்கி விற்கிறார்கள். அதைக் கேட்டு ஒருவர் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். "எதுக்குங்க?" என்றார் பாய். "சும்மாதான், சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்றார் வந்தவர். "பெல்ட்டு போட்டா சத்தம் நின்னுடுமே. பெல்ட்டு போடாம உக்காந்தா, மோதும்போது நீங்க முன்னால போவீங்க, ஏர்பேக்குங்கற காத்துப் பை எதிர்ல வெடிச்சுக்கிட்டு வரும். அது உங்கள காப்பாத்தாது, அடிக்கும். நான் அதை விக்கறதில்ல." அந்த ஆள் எதிர்க் கடைக்குப் போனார். அவர் அங்கே வாங்குகிறாரா என்று பாய் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் புது கார் வாங்கி அவரிடம் போனதும் இப்படித்தான் முடிந்தது. நல்ல தடிமனான உறையாகத் தைக்கச் சொன்னேன். முன் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "சீட் பக்கவாட்டுல ஒரு பை இருக்கும்மா. மேல இறுக்கி உறை மாட்டிட்டா அது எப்படி வெளிய வரும்? வேணாம்" என்றார். கிடைக்கிற வியாபாரத்தை வேண்டாம் என்கிற வியாபாரியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? பிறகு அவர் பார்வை, இடது பக்க டேஷ்போர்டில் என் மாமியார் ஒட்டிவைத்திருந்த பிள்ளையார் மேல் விழுந்தது. ஒரு சாண் உயரம், கனமான சிலை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சாமி உக்காந்திருக்கற இடத்துக்குக் கீழதான் பை இருக்கு. அது மெத்தை மாதிரி மெதுவா வந்து தாங்கும்னு நினைக்காதீங்க. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள மூடியக் கிழிச்சுக்கிட்டு வெடிச்சு வரும். மேல எது இருந்தாலும் எதிர்ல இருக்கறவங்க மூஞ்சிக்குத்தான் வரும். நடுவுல வைங்க, சின்னதா வைங்க, தாழ்வா வைங்க. நான் கை வெக்க மாட்டேன், நீங்களே எடுத்துடுங்க."

கார் நகர்ந்ததும் மாமியார் ஆரம்பித்தார். "சாமிய எடுக்கச் சொல்றாரே, இன்னா நெனப்புல சொல்றாரு?" என் கணவர், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஓடியது அதே கேள்விதான். பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருந்தார். மாமியாரும் அவருக்கு நேர் எதிரே, காலைத் தூக்கி சீட்டில் மடித்து உட்கார்ந்தபடி, ஊரெல்லாம் வந்தார்.

அந்த மாத அமாவாசைக்கு, வழக்கமாக வண்டி பூஜை போடும் பிள்ளையார் கோயிலுக்குக் காரைக் கொண்டுபோனோம். மணி குருக்கள் எலுமிச்சம்பழம் சுற்றிவிட்டு, தட்டோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "பிள்ளையாரை ஏம்மா ஓரமா தள்ளி வெச்சிருக்கீங்க? நடுவுல, சின்னதா, தாழ்வா வெக்கணும். பெரிசு வீட்டுல இருக்கட்டும்" என்றார். மாமியார் வீடு வந்து சேரும்வரைகூடப் பொறுக்கவில்லை. அங்கேயே பெயர்த்து மடியில் வைத்துக்கொண்டு, கோயில் வாசல் கடையில் கட்டைவிரல் அளவில் ஒரு பிள்ளையார் வாங்கி நடுவில் ஒட்டினார்.

மறுநாள் வேண்டுமென்றே பாய் கடைக்குப் போனேன். "பிள்ளையாரை மாத்திட்டோம் பாய். நீங்க சொன்னீங்கன்னு இல்ல, குருக்கள் சொன்னாரு" என்றேன். "குருக்கள் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று தையல் மெஷினில் தலையைக் குனிந்துகொண்டார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. தோற்றுப்போனதை மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "பெரியம்மாவ காலைத் தொங்கப்போட்டு, சீட்டைப் பின்னால தள்ளி, பெல்ட்டோட உக்காரச் சொல்லுங்க. அதையும் குருக்களே சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய் அதை என் யோசனையாகச் சொல்லி மாமியாரைச் சம்மதிக்கவைத்தேன்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்புகிற வழியில், குறுக்கே வந்த பால்காரரின் பைக்குக்காக என் கணவர் வண்டியை ஒடித்தார். புளியமரத்தில் மோதியது. காதருகே அணுகுண்டுப் பட்டாசு வெடித்தாற்போல ஒரு சத்தம். பின் சீட்டில் இருந்த எனக்கு முன்னால் இருந்த இருவரும் தெரியவில்லை. உள்ளே முழுக்க வெள்ளைப் புகை, கந்தக நெடி. "நெருப்பு, நெருப்பு!" என்று மாமியார் அலறினார். அந்த அலறலைக் கேட்டுத்தான் அவர் உயிரோடு இருப்பது எனக்குத் தெரிந்தது.

பாய் ஒருமுறை கடையில் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. "புகை மாதிரி வரும், அது பையில இருந்து வர்ற தூள். பயப்படாதீங்க. ஆனா உள்ளயே உக்காந்து ஆராய்ச்சி பண்ணாதீங்க, இறங்கி ஓரமா நில்லுங்க. கண்ணக் கசக்காதீங்க, கழுவுங்க." இரண்டு பேரையும் இறக்கினேன். பைகள் அதற்குள் காற்றுப் போய்த் துணியாகத் தொங்கின. கணவருக்குக் கைகளில் சூடு பட்டதுபோலத் தோல் சிவந்திருந்தது. மாமியாருக்கு பெல்ட் இழுத்த இடத்தில் நெஞ்சு வலி, காதில் இரைச்சல். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள்.

காருக்குள் எட்டிப் பார்த்தேன். நடுவில் இருந்த சின்னப் பிள்ளையார், மேலெல்லாம் தூள் படிந்து, விபூதி பூசினாற்போல இருந்தார். பெரிய பிள்ளையார் முன்பு ஒட்டியிருந்த இடம் கிழிந்து, வாய் பிளந்து கிடந்தது. மாமியார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், குருக்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். பாய்க்கு ஒன்றும் இல்லை.

ஆனால் கார் பழுது பார்க்கிற இடத்துக்கு பாய் தானாகவே வந்தார். வெடித்த பை திரும்ப உதவாது, புதிது போட வேண்டும், இழுத்துக்கொண்ட பெல்ட்டையும் மாற்ற வேண்டும் என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "கிழிஞ்ச பையைத் தெச்சு உள்ள திணிக்கறவனும் இருக்கான்மா. வெறும் மூடிய மட்டும் மாட்டறவனும் இருக்கான்." புதுப் பை வந்த பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். ஓர் ஆள் முன்னால் பந்து இருப்பது போன்ற, பைக்கான சிவப்பு விளக்கு மீட்டரில் எரிந்து, சற்று நேரத்தில் அணைந்தது. "எரிஞ்சு அணையணும். அணையாம நின்னாலும் சந்தேகப்படு, எரியவே இல்லன்னாலும் சந்தேகப்படு" என்றார்.

பாயின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது, தெருமுனையில் மணி குருக்கள் தனியாக நின்றுகொண்டிருந்தார். இவருக்கு இங்கே என்ன வேலை என்று வழக்கம்போல எனக்குச் சந்தேகம். கேட்டேவிட்டேன்.

"இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க? பாய் எங்கிட்ட வந்து, 'சாமி, நான் சொன்னா ஜனங்க வேற மாதிரி நினைக்கறாங்க. பூஜைக்கு வர்ற வண்டியில எல்லாம் நீங்க சொல்லுங்க. நடுவுல, சின்னதா, தாழ்வா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாரு. அன்னிலேர்ந்து சொல்லிக்கிட்டு வரேன். உங்க வண்டிக்கும் அப்படித்தான் சொன்னேன்."

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு, இருவர் வாயிலிருந்தும் அதே மூன்று வார்த்தைகள் வந்தது மட்டும் உறைக்காமல் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். வெகுநேரம் தன் முகத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பிகூடக் குடுக்கலியேம்மா" என்றார்.

சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கிற பழக்கம் பாய் எனக்கு விட்டுப்போனது. இன்னொன்றையும் விட்டுப்போயிருக்கிறார். யாராவது எனக்கு ஒரு நல்லதைச் சொன்னால், இதைச் சொல்லச் சொல்லி இவரை அனுப்பியது யார் என்று இப்போது சந்தேகம் வருகிறது.