நாளைக்காரரின் ஒன்பதரை மணி

பை தைப்பவருக்கு அந்தத் தெருவில் நாளைக்காரர் என்று பெயர். அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு எட்டடியில் கடை. உள்ளே ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், எழுந்தால் தலையில் இடிக்கும் ஒரு பல்பு. ஜிப் போன பை, கைப்பிடி அறுந்த பை, சக்கரம் கழன்ற சூட்கேஸ் என்று எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்பார்.

வேலை சுத்தம். ஜிப் மூடவில்லை என்றால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னர்தான், பல் அல்ல. அதை மட்டும் மாற்றிக் கொடுப்பார். முழு ஜிப்பையும் பிரித்துப் போட்டு ஏமாற்ற மாட்டார். அவர் கைப்பிடி தைத்தால் பை கிழியலாம், கைப்பிடி வராது. ஒரே குறை, அவருடைய நாளை வந்து சேர மூன்று வாரம் ஆகும்.

தெருவும் அதற்கேற்பப் பழகிக்கொண்டது. இருபதாம் தேதி ஊருக்குப் போகிறவர்கள், ஐந்தாம் தேதி போவதாகச் சொல்லிப் பையைக் கொடுத்தார்கள். ஐந்து என்று சொன்னால் இருபது என்று அவரும் புரிந்துகொண்டார். இரண்டு தரப்பும் பொய் சொல்லி, இரண்டு தரப்பும் நிம்மதியாக இருந்தன. பக்கத்து டீக்கடைக்காரருக்கு இன்னும் நிம்மதி. பை கேட்டு வந்து காத்திருப்பவர்கள் கோபம் ஆற ஒரு டீயாவது குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவர் நாளைக்காரரின் மச்சான், மனைவியின் அண்ணன். ஒரு பெரிய கிடங்கில் மேலாளர். காலை ஐந்து மணிக்கு எழுந்து, எழுந்ததை ஒரு நோட்டில் டிக் அடிக்கிற ரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தார்.

"மாப்ள, எங்க கேட்டுல ஒரு ஆள் வேணுமாம். வர்ற லாரி நம்பரை எழுதணும், போற லாரி நம்பரை எழுதணும். நிழல்ல நாற்காலி. வந்துடுங்க."

"கடை இருக்கே, மச்சான்."

"அதைக் கடைன்னு சொல்றது ஊர்ல நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் அதைப் பை வெச்சுத் தொலைக்கிற இடம்னு சொல்றாங்க."

நாளைக்காரர் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். அவள் அண்ணன் பக்கம் இருந்தாள்.

"என்னைப் பாக்காதீங்க. இந்த வாரம் ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. மாடிவீட்டு அக்காவைப் பாத்தா நான் கதவுக்குப் பின்னால ஒளிய வேண்டியிருக்கு. அவங்க பைக்குச் சொல்ற காரணமெல்லாம் எனக்கும் தீர்ந்துபோச்சுங்க."

கடைசியில் மூன்று மாதம் தவணை என்று முடிவாயிற்று. அதற்குள் கடை ஒழுங்குக்கு வராவிட்டால் பூட்டிவிட்டுக் கேட்டுக்குப் போக வேண்டும். வந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் மனைவி. நாளைக்காரர் இருபது வருடமாக எவரும் தனக்கு மேலே நிற்காமல் வேலை செய்தவர். மச்சானின் கேட்டில், மச்சானின் நாற்காலியில், மச்சான் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே மச்சான் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஐந்து மணிக்கு எழுவதற்கு ஒரு கட்டம், உடற்பயிற்சிக்கு ஒன்று, எட்டு மணிக்குக் கடை திறக்க ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் தன் வெற்றியைப் பார்க்க ஒன்று. நாளைக்காரர் திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் டிக் அடித்து முடித்துவிட்டார். வாழ்க்கையில் அவர் முன்கூட்டியே முடித்த முதல் வேலை அதுதான்.

"ஏங்க, வியாழக்கிழமை உடற்பயிற்சியை இன்னைக்கே பண்ணிட்டீங்களா?" என்று கேட்டு மனைவி அந்தப் பக்கத்தைக் கிழித்தாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து உண்மையாகவே எட்டு மணிக்குக் கடையைத் திறந்தார். பத்தரைக்கு முன் அந்தக் கடை திறக்காது என்பது தெருவுக்குத் தெரியுமாதலால் ஒருவரும் வரவில்லை. இரண்டரை மணி நேரம் அவரும் முடிக்காத பைகளும் மட்டும். காரணம் சொல்லலாம் என்றால் கேட்க ஆள் இல்லை. கண்ணை மூடி வெற்றியைப் பார்க்கும் கட்டத்தை மட்டும் அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பத்து நிமிடத்துக்குச் சொன்னதை அரை மணி வரை பார்த்தார், சில நாள் குறட்டையோடு. விழித்த பிறகு செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் தைத்தார்.

அப்போதுதான் தன் நோய் எதுவென்று அவருக்குப் பிடிபட்டது. இத்தனை வருடமும் காலையில் உட்கார்ந்ததும் கைக்கு எளிதான பையைத்தான் எடுத்திருக்கிறார். ஒரே நாளில் ஐந்தைப் பிரித்துப்போட்டு ஐந்தையும் பாதியில் விட்டிருக்கிறார். எனவே சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டி, வந்த வரிசையிலேயே பைகளை மாட்டினார். இடது கோடியில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை. நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை; இது அவரே போட்டுக்கொண்டது.

இடது கோடியில் முதலில் தொங்கியது ஏழு மாதமாகக் கிடந்த ஒரு மலையேறும் பை. தோள்பட்டை சேரும் இடத்தில் கித்தான் துணி நான்கு மடிப்பு. அதற்குப் பயந்துதான் ஏழு மாதம். முதல் நாள் இரண்டு ஊசி ஒடிந்தது. இரண்டாம் நாள் ஒன்று. பக்கத்தில் தொங்கிய ஒரு சின்னக் கைப்பை, பத்து நிமிட வேலை, அவரைப் பார்த்துச் சிரித்தது. அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். மூன்றாம் நாள் மெஷினை விட்டுவிட்டு, தடி ஊசியில் மெழுகு நூல் கோத்துக் கையாலேயே ஒவ்வொரு தையலாக இழுத்தார். நான்காம் நாள் மதியம் முடிந்தது. இனி அதைவிடக் கடினமானது கயிற்றில் எதுவும் இல்லை என்பதால், மற்றவை மளமளவென்று இறங்கின.

ஆறாவது வாரம் சொன்ன தேதிக்குப் பை தயாராகத் தொடங்கியது. தொல்லையும் தொடங்கியது. வாங்கிப்போக ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்று சொன்ன பைக்கு அடுத்த மாதம் வந்தால் போதும் என்று எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். முடிந்த பைகள் மெஷின் வரை குவிந்து, அவர் ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. பார்க்கிறவர்களுக்கு முன்னைவிட மோசமாகத் தெரிந்தது.

ஒரு டீச்சர் மட்டும் இரண்டு வாரம் கழித்து வந்தார். தோளில் புதுப் பை.

"ரெடியா இருக்கா? அய்யய்யோ, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"செவ்வாய்க்கிழமைன்னு சொன்னேனேம்மா."

"நீங்க சொன்னீங்க. உங்களை நம்பி யாராவது இருப்பாங்களா? நான் புதுசு வாங்கிட்டேன்."

டீக்கடைக்காரர் வேறு வந்து முறையிட்டார். "என்னண்ணே, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? எட்டு மணிக்குத் திறக்கறீங்க, சொன்ன நாளுக்குத் தர்றீங்க. உங்ககிட்ட சண்டை போட வர்ற கூட்டத்தை நம்பித்தானே நான் பால் வாங்கினேன்."

பைகள் போகவில்லை என்றால் தானே கொண்டுபோவது என்று முடிவு செய்தார். காலையில் எட்டுக்குக் கடையைத் திறக்காமல், இரண்டு தோளிலும் கைகளிலும் பைகளை மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். நோட்டில் உடற்பயிற்சிக் கட்டத்தில் அதையே டிக் அடித்தார். கதவைத் திறந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததுமே, "ஆகலையா? பரவாயில்ல, அடுத்த வாரம் குடுங்க" என்றார்கள். கையைப் பார்க்கச் சொல்லி அவர் கெஞ்ச வேண்டியிருந்தது. பார்த்த பிறகு, வந்தது வந்தீர்கள், இதையும் பாருங்கள் என்று கட்டிலுக்கு அடியிலிருந்தும் பரண் மேலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள். மாடிவீட்டு அக்கா தன் பையை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, இரண்டு சூட்கேஸ் கொடுத்தனுப்பினார்.

கடை மூடியிருக்கும் நேரத்துக்காக ஒரு அட்டையில், "பை கொடுக்கப் போயிருக்கிறேன். ஒன்பதரைக்கு வருவேன்" என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டார்.

மூன்று மாதம் முடிந்த அன்று மச்சான் பார்வையிட வந்தார். ஒன்பதே காலுக்கு வந்தார். பூட்டைப் பார்த்தார், அட்டையைப் படித்தார், சிரித்தார், நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார்.

"கடை பூட்டிக் கிடக்கும்மா. நாளைக்கே கேட்டுக்கு வரச் சொல்லு."

"அட்டை எதுவும் தொங்கலையா, அண்ணா?"

"தொங்குது. ஒன்பதரைன்னு போட்டிருக்கு. உன் வீட்டுக்காரர் எழுதினதை நம்பி நான் கால் மணி நேரம் நிக்கணுமா?"

மறுநாள் காலை அவள், கணவரிடம் சொல்லாமல், ஒன்பது இருபத்தைந்துக்குக் கடை வாசலில் போய் நின்றாள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர். ஜிப் பிய்ந்த பெரிய சதுரப் பை கையில். இன்னொருவர் வேலைக்குக் கிளம்பிய நர்ஸ். இரண்டு பேரும் அட்டையைப் பார்ப்பதும் மணியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒன்பதரை ஆயிற்று. ஒன்பது முப்பத்திரண்டு. மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

மூன்றாவது மாடி வீடு ஒன்றில், கழன்ற சூட்கேஸ் சக்கரம் எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று அப்பாவும் மகனும் சண்டை போட்டு அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓட்டமும் நடையுமாக அவர் வந்து சேர்ந்தபோது ஒன்பது முப்பத்து நான்கு.

"என்னண்ணே இது?" என்று சாப்பாட்டுக்காரர் எகிறினார். "ஒன்பதரைன்னு எழுதிப் போட்டுட்டு இப்ப வர்றீங்க? நாலு நிமிஷம்!"

"என் பஸ் போயிடும்" என்றார் நர்ஸ். "உங்களை நம்பித்தானே இந்த நேரத்துக்குக் கிளம்பினேன்? சொன்னா சொன்னபடி வர வேண்டாமா?"

நாளைக்காரருக்கு மூச்சு வாங்கியது. மனைவி நிற்பதை அப்போதுதான் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இல்ல, அந்த மூணாவது மாடில ஒரு சக்கரம்..."

"காரணமெல்லாம் அப்புறம் சொல்லலாம். முதல்ல கடையைத் திறங்க, அந்தம்மாவுக்குப் பஸ் போகுது" என்றாள் அவள்.

நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு ஓடினார். சாப்பாட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார். நாளைக்காரர் தலை நிமிராமல் ரன்னரைக் கழற்றிக்கொண்டிருக்க, மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, கேட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க."

"ஏன், நேரத்துக்கு வந்துட்டாரா?"

"இல்லண்ணா, லேட்டு. நாலு நிமிஷம். ரெண்டு பேர் பிடிச்சுத் திட்டுத் திட்டுன்னு திட்டிட்டாங்க."

தங்கை இவ்வளவு பெருமையாகப் பேசி அண்ணன் அதற்கு முன் கேட்டதில்லை.