ஐந்தாம் எண்ணில் இரண்டு பெட்டிகள்

ராமையாவுக்கு உண்மை தெரிந்திருந்ததா? அவர் இருந்தவரை கேட்கத் துணியவில்லை. இனிக் கேட்க முடியாது.

செய்தியை அந்தோனிதான் கொண்டுவந்தார். ஆய்வுகூடத்தில் மாணவிகள் மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்த நேரம். மழையில் நனைந்த தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "டீச்சர், ராமையாண்ணே போயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. டிஸ்பென்சரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். நான் தலையசைத்தேன். பிள்ளைகளிடம் முள்ளைப் பார்த்து அளவைக் குறிக்கச் சொன்னேன். மணியடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

அவருடைய நினைவு மலருக்கு எழுதும்படி அந்தோனியின் இசைக்குழுவினர் கேட்டார்கள். புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரை அறிந்த உங்களுக்கு என் புகழுரை தேவையில்லை. டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எஞ்சின் அறையைப் பார்த்துக்கொண்டவர், ஓய்வு நேரத்தில் கிட்டாருக்கு ஆம்பிளிஃபையர் கட்டினார். அச்சில்தான் ஆம்பிளிஃபையர் என்கிறேன். ஹட்டனில் நாம் எல்லோரும் அதைப் பெட்டி என்றே சொன்னோம். பழுதான ரேடியோக்களிலிருந்து வால்வுகளைச் சேர்த்தார். டிரான்ஸ்போமரின் கம்பியைத் தாமே சுற்றி, உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தார். சவுக்கு மரப் பலகையில் கூடு செய்தார். யாரிடமும் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பசாரில் என் தம்பியின் துணிக்கடைப் பின்கட்டில் கிட்டார்க்காரர்கள் கூடுவார்கள். மாடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கு அவர்கள் பேச்சு முழுவதும் கேட்கும். ஒரு மழைக்காலத்தில் கொழும்புக் கடையொன்று, பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சீமைப் பெட்டியை அவர்களிடம் அனுப்பியிருந்தது. அன்றிலிருந்து சண்டைதான்.

"தடவிப் பாருங்கண்ணே, வெண்ணெ மாதிரி வழுவழுன்னு இருக்கு" என்பார் அந்தோனி. கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் இழைத்து வாசிப்பவர்.

"தடவிப் பாக்க அது என்ன பூனைக்குட்டியா? முதுகத் தொறந்து பாரு" என்பார் ராமையா. "உள்ள கம்பியே ஓடல. அட்டையில கோடு போட்டு ஒட்டியிருக்கான். நம்ம ஊரு மூட்டத்துக்கு ரெண்டு மழை தாங்காது."

"உங்க பெட்டி மூணு மழை தாங்கும், ஒத்துக்கிறேன். ஆனா அதத் தூக்க தோட்டத்துல ரெண்டு ஆளு பேரு பதியணுமே" என்பார் பெரியசாமி. தோட்டத்துக் கிளாக்கர். கிட்டாரைவிட வாய்தான் அவருக்கு நன்றாக வரும்.

ஒரு பெட்டியின் ஒலியில் 'உடம்பு' இருக்கிறது என்பார் ஒருவர். மற்றதில் 'ஈரம்' இருக்கிறது என்பார் இன்னொருவர். எனக்கு இசை தெரியாது. அளக்க முடியாததைப் பற்றி உறுதியாகப் பேசுபவர்களை நம்பியதுமில்லை. ஒரு நாள் பொறுக்காமல் இறங்கிவந்து, "கண்ண மூடிட்டுக் கேட்டா எது எதுன்னு உங்க ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

ராமையா மட்டும் மகிழ்ந்துபோனார். "அப்ப வச்சுப் பாத்துருவோங்க டீச்சர். படிச்சவங்க நீங்க நடுவுல நின்னா அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அந்தச் சோதனையில் அவருக்கு என்ன பணயம் என்பது எனக்குத் தெரியும். அந்தோனியின் குழு அவர் பெட்டியை எடுத்தால் தலவாக்கலைக் குழுவும் நானுஓயாக் குழுவும் எடுப்பதாகச் சொல்லியிருந்தன. மூன்று பெட்டிகளின் பலத்தில் அவர் பசாரில் ஓர் அறை பார்த்திருந்தார். மாத முடிவோடு எஞ்சின் அறை வேலையை விடுவதாகத் தோட்டத்துத் துரைக்கு அறிவித்தும் இருந்தார். வேலையை விட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். மனைவி லெட்சுமி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தார்.

பள்ளி மண்டபத்தில் ஒரு ஞாயிறு பிற்பகலில் சோதனை நடந்தது. மேடைத் திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளோடு நான். திரைக்கு முன்னால் கிட்டாரோடு அந்தோனி. கீழே மேடைக்கு முதுகு காட்டி ஐந்து பேர்: பெரியசாமி, என் தம்பி, தலவாக்கலைக் குழுவினர் இருவர், ராமையா. பெட்டிகளை இயக்கியதும் கீழேயிருந்து ராமையா, "வால்வு சூடாகுறதுக்குள்ள தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதுவும் தூங்கி எந்திரிச்ச ஆளு மாதிரிதான். ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றார். கொடுத்தேன். இரண்டு பெட்டிகளின் ஒலிக்குமிழையும் ஐந்தாம் எண்ணில் வைத்தேன். முடியும்வரை எதையும் மாற்றமாட்டேன் என்று உரக்க அறிவித்தேன். ஒரே மெட்டை அந்தோனி ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முறை வாசிப்பார். எது நன்றாக இருந்தது, முதலாவதா இரண்டாவதா என்று ஐவரும் துண்டுத்தாளில் எழுத வேண்டும். அப்படி ஆறு சுற்று.

மூன்றாவது சுற்றில், கிட்டாரிலிருந்து வந்த கம்பியை மாற்றிச் செருகிவிட்டு, சீமைப் பெட்டியின் மேல் கையை ஊன்றினேன். அந்தோனி வாசிக்க, பலகை உள்ளங்கையில் அதிர்ந்தது. ராமையாவின் பெட்டியில் அவ்வளவு அதிர்வு இல்லை. அப்போதுதான் காதைக் கொடுத்துக் கேட்டேன். சீமைப் பெட்டி சற்று உரத்துப் பேசியது. எண்கள்தான் சமம், ஒலி சமமில்லை. ஒரே இசையைச் சற்று உரத்துக் கேட்டால் அதுவே இனிமையானது என்று காது நினைத்துக்கொள்ளும். இது நான் படித்து அறிந்த விஷயம். குமிழில் எழுதிய எண் ஓர் அளவே அல்ல என்பதும் அறிந்ததுதான்.

நிறுத்தியிருக்கலாம். "நான் பிழை விட்டுவிட்டேன், மறுபடி தொடங்குவோம்" என்று திரையை விலக்கிச் சொல்லியிருக்கலாம். பட்டம் பெற்ற பௌதிக ஆசிரியை குமிழின் எண்ணை நம்பினாள் என்று பெரியசாமி பசார் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்ற நினைப்பு வந்தது. அது போதுமாக இருந்தது. நான்காவது சுற்றுக்குக் கம்பியை மாற்றினேன்.

தாள்களைப் பிரித்தபோது ஆறு சுற்றிலும் ஐவரும் சீமைப் பெட்டியையே எழுதியிருந்தார்கள். ராமையாவும்தான்.

"அண்ணே, சொந்தப் பிள்ளைய விட்டுட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டீங்களே" என்றார் பெரியசாமி. எல்லோரும் சிரித்தார்கள். ராமையாவும் சிரித்தார். "என் காதே சொல்லிருச்சு. அப்புறம் பேச என்னா இருக்கு" என்றார். தம் பெட்டியைத் தூக்க அந்தோனி கைகொடுத்தபோது, வேண்டாம் என்று தாமே தூக்கிக்கொண்டு போனார்.

சீமைப் பெட்டி வாங்கப்பட்டது. மற்ற இரண்டு குழுக்களும் கொழும்புக்கே எழுதின. ராமையா எஞ்சின் அறையிலேயே இருந்துவிட்டார். பிறகு ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பெட்டி கேட்டு ஊர் ஊராக ஆட்கள் அலைந்தார்கள். அவரிடமும் வந்தார்கள். "கை விட்டுப் போச்சுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் காலத்தில்தான் சீமைப் பெட்டியும் ஒரு மழையில் ஊமையானது. மாற்றுப் பொருள் இல்லை என்று கொழும்புக் கடை கைவிரித்தது. அந்தோனி கூச்சத்தோடு கேட்டார். ராமையா மறுக்காமல் வந்து, எங்கள் பின்கட்டில் அதைப் பிரித்தார். நான் டார்ச் பிடித்தேன். டிரான்ஸ்போமரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். அவர் கட்டியதைவிட அது சிறியது என்பது எனக்கே தெரிந்தது. சீமைப் பெட்டியில் இருப்பது பெரியது, அதனால்தான் அதன் ஒலி சிறந்தது என்று முன்பு அவரிடம் சொன்னவள் நான். அவர் என்னைப் பார்க்கவில்லை. "இந்தப் பக்கம் கொஞ்சம் காட்டுங்க டீச்சர்" என்றார். காட்டினேன். மாலைக்குள் பெட்டி பேசியது.

அன்று அவர் கண்டுகொண்டாரா? அல்லது, படித்தவர் சொன்னதில் தமக்கு எட்டாத ஏதோ ஒன்று இருக்கும் என்று விட்டுவிட்டாரா? பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த பின் லெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், "இப்ப எதுக்குங்க டீச்சர் அதெல்லாம்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, வெறுத்துச் சொன்னாரா, என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்த இரண்டு நிமிடம்தான். எந்தக் கருவியை இயக்கினாலும், சூடாகும்வரை அளவு எடுக்கக் கூடாது என்று மாணவிகளைக் காக்க வைக்கிறேன். யார் சொல்லித் தந்தது என்று அவர்களிடம் இதுவரை சொன்னதில்லை. இனிச் சொல்வேன்.

இன்னும் ஒன்றை எழுத வேண்டும். சோதனைக்கு மறுநாள், திங்கட்கிழமை, பள்ளி விட்டதும் டிக்கோயா பஸ்ஸில் ஏறினேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். ராமையா எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, நான் உட்காரத் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். நான் வாயெடுப்பதற்குள் அப்பியாசக் கொப்பி ஒன்றை விரித்து, "எங்க தப்புப் பண்ணிட்டேன், அத மட்டும் சொல்லிட்டுப் போங்க டீச்சர். தெரிஞ்சுக்கிட்டா மனசு ஆறிரும்" என்றார். பென்சில் தயாராக இருந்தது. டிரான்ஸ்போமரின் இரும்பு போதவில்லை, சீமைப் பெட்டியில் இருப்பது இதைவிடப் பெரியது என்றேன். அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை நான். ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார். பிறகு, "இன்னொரு உதவிங்க. வேலைய விடலன்னு துரைக்கு இங்கிலீசுல ஒரு கடிதாசி வேணும். பெரியசாமிகிட்டக் கேட்டா சிரிப்பாரு" என்று கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். அங்கேயே, முழங்காலில் வைத்து, எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி. அவர் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.