கல்லுப் பாலைவனத்தில் பாதி வழி

சுவிஸில் ஒரு பாலைவனம் இருக்கிறது. மணல் இல்லை, ஒட்டகம் இல்லை. மலைக்கு மேலே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வெறும் சாம்பல் நிறக் கல். மழைத்தண்ணீர் கரைத்துக் கரைத்து அந்தக் கல்லெல்லாம் கத்தி விளிம்பு போலக் கூராகிக் கிடக்கும். நடுவில் ஒரு பெரிய குழி உண்டென்றும், ஆவணி மாதத்து வெயிலிலும் அதன் அடியில் பனி உருகாமல் கிடக்குமென்றும் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை. விடாதவர்கள் வேறு யாருமில்லை, என் சொந்தச் சனம்தான். இத்தனை வருடம் கழிந்தும் நினைத்தால் எனக்குக் கொதி வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் ஷ்லீரன் என்ற ஊரில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ரீச்சர் எங்களை வட்டமாக இருத்தி, சனி ஞாயிறில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். ஒருத்தி மலை ஏறியிருப்பாள். ஒருவன் ஏரியில் படகு விட்டிருப்பான். நான் மட்டும் வாராவாரம் எங்கள் சனத்தின் விழா நடக்கிற ஹோலுக்குப் போயிருப்பேன். யாருக்கோ பிறந்தநாள், யாருக்கோ கலியாணம், வயசுக்கு வந்த யாருக்கோ சாமத்தியச் சடங்கு. என்ன சடங்கு என்று ரீச்சர் முதல் தடவை கேட்டார். நான் விளக்கத் தொடங்கி, பெடியன்கள் சிரித்து, அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்.

ஆகவே பெரியப்பா கல்லுப் பாலைவனத்துக்குப் போவோம் என்றபோது, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திங்கட்கிழமை எனக்குச் சொந்தமாகப் போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். அங்கே பெரிய சமையல்காரர் அந்தக் குழியைப் பற்றிச் சொல்லியிருந்தார். நாலு சில்லும் இழுக்கிற ஒரு வானைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, ஒரு ஞாயிறு காலையில் பெரியப்பா வீடும் எங்கள் வீடுமாகப் புறப்பட்டோம். இடியப்பம், சம்பல், ஆட்டிறைச்சிக் கறி, அவித்த முட்டை, பெரிய போத்தலில் தேத்தண்ணி. பெரியம்மா காஞ்சிபுரம் கட்டியிருந்தா. படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டுமாம்.

பள்ளத்தாக்கில் கடைசிக் கிராமத்தைத் தாண்டியதும் தார் றோட்டு முடிந்து காட்டுப் பாதை தொடங்கியது. வாசலில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு பலகை. வாகனம் போகக்கூடாது என்று அர்த்தம், எனக்கே தெரியும். பெரியப்பா வானை நிற்பாட்டி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ளுக்க ஒண்டும் போடேல்லையே, என்னத்தைத் தடுக்கினம்?" என்று சொல்லிவிட்டு விட்டார் வண்டியை. பிறகு காட்டுப் பாதையும் முடிந்து, புல்லிலும் கல்லிலும் வான் ஏறி இறங்கியது. கறிச்சட்டியை அம்மா மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தம்பி சத்தி எடுத்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னார். எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

வான் இனி ஏறாது என்ற இடத்தில் இறங்கி நடந்தோம். சப்பாத்துப் போட்டிருந்தது நானும் பெரியப்பாவின் இரண்டு பெடியன்களும்தான். மற்றவர்கள் செருப்பு. ஆளுக்கு ஒரு சட்டியோ பையோ தூக்கிக்கொண்டு கல்லில் தடவித் தடவி வந்தார்கள். அந்த வழியால் வந்த இரண்டு சுவிஸ் கிழவர்கள் காஞ்சிபுரத்தையும் கறிச்சட்டியையும் பார்த்துவிட்டு தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். தூரத்தில் குழியின் விளிம்பு தெரிந்தது. நான் ஓடினேன். ஒரு கல்லில் கையூன்றி ஏறியபோது உள்ளங்கையில் சரக்கென்று வெட்டியது. இரத்தத்தைக் கண்டால் போக விடமாட்டார்கள். கையைப் பின்பக்கமாகப் பாவாடையில் துடைத்துவிட்டு மேலே ஏறினேன். வெளிர் மஞ்சள் பாவாடை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "எல்லாரும் நில்லுங்கோ. ஆம்பிளையள் அங்கால போங்கோ."

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியம்மா அந்தக் கூர்க்கல்லில் எப்படி ஓடி வந்தாவோ தெரியாது, வந்து தன் சால்வையை என் தலையில் போட்டு மூடிவிட்டா. அப்பா ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் விளங்கியது, பாவாடையில் இருந்த இரத்தத்தைக் கண்டு நான் பெரியபிள்ளையாகிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் கையை விரித்துக் காட்டினேன்.

"கல்லு வெட்டினது, பெரியம்மா. கையைப் பாருங்கோ."

"கையில வெட்டினது கையில. இது வேற. பிள்ளை வெக்கத்தில சொல்லுது."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவரிடம் என்ன கதைப்பது? நான் கத்தினேன். கல்லை உதைத்தேன். கடைசியாக அம்மாவிடம் கையை நீட்டினேன். அம்மா பார்த்தார். கையைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துக் கையைப் பொத்திவிட்டு, "வா பிள்ளை, கீழ போவம்" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

வானின் பின்சீற்றில் இருத்தி, ஆண்கள் பார்க்காமல் குறுக்கே துவாய் கட்டினார்கள். பேய் பிசாசு அண்டாமல் கையில் இரும்பு இருக்க வேண்டுமாம். அந்த மலையில் இரும்புக்கு எங்கே போவது? பெரியம்மா தேடித் தேடி, சில்லுக் கழற்றுகிற ஸ்பனரை எடுத்து என் மடியில் வைத்தா. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் இல்லாதபடியால் அவித்த முட்டையை ஒன்றன்பின் ஒன்றாகத் தீத்தினா. பாலைவனத்தைப் பார்க்க வந்த நான் துவாய்க்குப் பின்னால் ஸ்பனரோடு இருந்து முட்டை தின்றேன்.

அந்தப் பெடியன்கள் இரண்டு பேரும் இந்தச் சந்தடியில் ஓடிப்போய்க் குழியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். எப்படி இருந்தது என்று துவாய்க்கு இந்தப் பக்கத்தால் கேட்டேன். மூத்தவன், "பெரிசா ஒண்டும் இல்லை, ஒரு ஓட்டை" என்றான். ஸ்பனரைத் தூக்கி எறிந்தேன். அது கதவில் பட்டு விழுந்தது. பேய் பிடிக்கப் பார்க்கிறது என்று பெரியம்மா எல்லோருக்கும் அறிவித்தா.

கீழே கிராமத்தில் தபால்கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு ரெலிபோன் பெட்டி இருந்தது. தாய்மாமனுக்குத்தான் முதல் சொல்ல வேண்டும் என்று பெரியம்மா சொன்னா. வானுக்குள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் தம்பி நொஷாட்டல் என்ற ஊரில் இருந்தார். மூன்று வருடமாக அம்மாவும் அவரும் கதைப்பதில்லை. ஊரில் அம்மாவின் அப்பா செத்தபோது செய்தி மாமாவுக்குத்தான் முதலில் வந்தது. என் தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில். அந்த நிலையில் அக்கா தாங்கமாட்டா என்று மாமா சொல்லாமல் மறைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து, ஒரு கலியாணவீட்டில், யாரோ ஒரு மனுசி துக்கம் விசாரித்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அப்பர் போன துக்கம் தெரியாமல் கலியாணவீட்டில் பூ வைத்துக்கொண்டு நின்றதற்காக அம்மா மாமாவை மன்னிக்கவில்லை. அவனாக வரட்டும் என்று இவர். அக்கா கூப்பிடட்டும் என்று அவர்.

அம்மா இறங்கிப் போனார். துவாயை விலக்கிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா ரெலிபோன் காட்டைப் போட்டு, நம்பரை அமத்தி, காதில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ சொன்னார். பிறகு அழுதார். என் மானத்தை விற்றுவிட்டு அழுகை வேறு என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னை அறைக்குள் விட்டார்கள். பெரியம்மா ஊர் முழுக்கச் சொல்லப் போய்விட்டா. வெயில் இறங்குவதற்குள் வாசல் மணி அடித்தது. கதவு நீக்கலால் பார்த்தேன். மாமா நின்றார். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டு, ஆனபடியால் வீட்டில் இருந்ததை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஒரு தேங்காய், கறுத்துப்போன வாழைப்பழம், மாமியின் கட்டாத சேலை ஒன்று. வாசலைத் தாண்டாமல் தேங்காயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவும் நின்றார்.

"கையிலதான் வெட்டினது, தம்பி. வேற ஒண்டும் இல்லை. வா, உள்ள வா."

தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு மத்தியானத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் கையைப் பொத்தி, ஸ்பனரோடு இருத்தி, முட்டை தின்னவைத்து, என் திங்கட்கிழமையைக் குழியில் போட்டு மூடியிருக்கிறார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து மாமாவின் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன்.

மாமா தேங்காயைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "நோகுதோ?" என்று கேட்டார். அன்றைக்கு முழுவதும் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அவர் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பெருவிரலால் மெல்லத் தடவிவிட்டு மறுபடியும் பார்த்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். மாமா நிமிரவில்லை. நகத்தின் நீளத்துக்கு ஒரு வெட்டு, அதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? என் கையைப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் அவருக்கு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நிற்க ஒரு சாட்டு இருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"பாத்தது போதும்" என்று கையைப் பறித்துக்கொண்டு போனேன்.