செத்த கழுதைக்கு இரண்டாம் பாகம்

எந்தப் புதுப் புத்தகத்தையும் கடைசி ஐந்து பக்கம் படிக்காமல் மூடிவைப்பது அக்காவின் வழக்கம். அவள் விற்பனையாளராக இருக்கும் புத்தகக் கடையில் பதினாறு வருடமாக எல்லோரும் அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அந்த இடத்தில் பழைய பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டு, வருகிறவர்களிடம் கூசாமல் சொல்வாள்: "அருமையான கதை சார். முடிவு மட்டும் நான் படிக்கல. படிச்சிட்டு வந்து சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

சொல்ல வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கொலைகாரன் யாரென்று காதோடு சொல்ல வந்த பல் டாக்டர் மூன்று நாவல்களோடு போனார். உடற்பயிற்சிப் புத்தகம் வாங்கிய பெரியவர்கூட வந்தார். "கடைசிப் பக்கத்துல நாலு நாள் ஓய்வெடுக்கணும்னு போட்டிருக்கும்மா. அதை மட்டும் செஞ்சு முடிச்சிட்டேன்."

மாதா மாதம் கடை ஊழியர்கள் ஆளுக்கொரு புதுப் புத்தகத்தைப் பரிந்துரைத்து, சீட்டு எழுதி அலமாரியில் ஒட்டவேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அதுதான் சிம்மசொப்பனம். வீட்டின் முதல் பட்டதாரி அவள். கடையில் பெயரே 'பட்டதாரி'தான். பரீட்சைக்குப் படித்தே வளர்ந்தவளுக்குக் கையில் பென்சில் இல்லாமல் கதை ஓடாது. முதல் சீட்டில் 'இந்நாவலின் சிறப்புகள் ஐந்து' என்று எழுதிவைத்தாள். ஒரு பிரதிகூட நகரவில்லை.

"ஏம்மா, இது சீட்டா, விடைத்தாளா? வர்றவனெல்லாம் மார்க் போட்டுட்டுப் போறான்," என்றாள் அக்கா.

முதலாளி சிரிக்கவில்லை. "இந்த மாசமும் விக்கலைன்னா கிடங்குல பெட்டி கட்டப் போயிடு."

அம்மாவோ, எந்தப் புத்தகம் நல்லதென்று ஊருக்கே சொல்லும் வேலை தன் மகளுக்கு என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள். எந்த முகத்தோடு கிடங்குக்குப் போவது?

பட்டதாரி துணிந்தாள். ஒரு கழுதையைப் பற்றிய சிறுவர் கதையை எடுத்தாள். கடைசி ஐந்து பக்கத்தை அக்காவைப் போலவே விட்டுவிட்டு எழுதினாள்: 'இந்தக் கழுதையை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள். முடிவை எனக்கு வந்து சொல்லுங்கள்!'

இரண்டே நாளில் ஒன்பது பிரதிகள் பறந்தன. மூன்றாம் நாள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"செத்துப்போச்சு."

"எதும்மா?"

"கழுதை! மறக்கவே மாட்டீங்கன்னு எழுதுனீங்கல்ல? நேத்து நான் தூங்கவே இல்ல."

"முதலாளியைக் கூப்பிடுங்க," என்றாள் அவளுடைய அம்மா.

அக்கா குறுக்கே பாய்ந்தாள்.

"யாரு சொன்னா செத்துப்போச்சுன்னு? நடிக்குது பாப்பா! ரெண்டாம் பாகத்துல எந்திரிச்சு எல்லாரையும் உதைக்கும் பாரு."

"ரெண்டாம் பாகம் எங்க?"

"அச்சுல இருக்கு. வந்ததும் முதல் பிரதி உனக்குத்தான்."

"நீங்க படிச்சிட்டீங்களா?"

"கடைசி அஞ்சு பக்கம் தவிர."

சிறுமி யோசித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, யானைக் கதை ஒன்றை எடுத்தாள். முதலாளி வந்து பார்த்தபோது அம்மாவும் பெண்ணும் பில் போட நின்றிருந்தார்கள். கிடங்குப் பேச்சு அதோடு போயிற்று.

"நீங்க முடிவு படிக்கிறதே இல்லைன்னுதானே நானும்..." என்று இழுத்தாள் பட்டதாரி.

"அட லூசு! எல்லாத்தையும் வீட்ல முழுசாப் படிச்சிட்டுத்தான் டிக்கெட்டையே வைப்பேன். என்ன இருக்குன்னு தெரியாம ஒரு குழந்தை கையில குடுப்பேனா?"

பட்டதாரிக்குக் காது சுட்டது. மீதி ஐந்து பக்கத்தை அன்றே படித்தாள், பென்சில் எடுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி அக்கா வேறு ஊருக்குப் போய்விட்டாள். கழுதைக் கதை எழுதியவருக்குப் பட்டதாரி கடிதம் போட்டுப் பார்த்ததில், 'செத்தது செத்ததுதான்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. போனில் கேட்டால் அக்கா சிரிக்கிறாள்: "நீயே எழுதிக் குடேன், படிச்ச பொண்ணுதானே!"

சிறுமி மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்து, வந்துவிட்டதா என்று கேட்கிறாள். போன வாரம் அட்டைப்படத்தில் கழுதை நிற்குமா, படுத்திருக்குமா என்று விசாரித்தாள். நிற்கும் என்று பட்டதாரி சொல்லிவைத்திருக்கிறாள்.